லிவாவுக்கு ஒரு ஒத்திகை

அஜ்மான்
5-11-2000

அன்புள்ள நாகவள்ளிக்கு,

இங்கே நான் நலம். குவைத்தில், மங்காஃபில் உன் நலமும், துறையூரில் அக்கா வீட்டில் நம் மகள் கயலின் நலமும் அறிய ஆவல்.

சென்ற வெள்ளிக்கிழமை, நவம்பர் மூன்றாம் தேதி, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, முதுகில் மாட்டிக்கொள்ளும் பை ஒன்றை வாங்குவது என்று முடிவு செய்தேன் என்பதை உனக்கு முறைப்படி தெரிவித்துக்கொள்கிறேன். நிறம் பழுப்பு. நீலமும் பரிசீலனையில் இருந்தது. மணலில் அழுக்குத் தெரியாது என்ற ஒரே காரணத்தால் பழுப்பு வென்றது. அறைத்தோழர் நெய்னா முகம்மது மட்டும் எதிர்த்து வாக்களித்தார்.

"ஏன் சிவா, சூட்கேஸுல சக்கரம் வச்சுத் தர்றான். சக்கரம் கண்டுபிடிச்ச பொறவும் முதுகுல சுமக்கணும்னு என்னய்யா தலையெழுத்து?"

"மணல்ல சக்கரம் ஓடாது பாய்."

"அப்ப மணலுக்குப் போகாத."

டச்சு நர்ஸ் உன்னிடம் விட்டுப்போன வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து லிவா பற்றி நீ அனுப்பிய பக்கங்களைப் படித்தேன். பிறை வடிவில் பேரீச்சந்தோப்புகள், நடுநடுவே கிராமங்கள், பின்னால் மலை மலையாய் மணல். பதினான்கு வருடமாக இந்த நாட்டில் வரைபடம் வரைகிறேன். பாலைவனத்தைப் பார்த்ததில்லை. என் மேஜையிலிருந்து தெரிவது கார் நிறுத்துமிடம்.

நீ சொன்னபடி பிப்ரவரிக் கடைசியில் நான்கு நாள், நாம் இருவர் மட்டும், பையை மாட்டிக்கொண்டு நடந்தே சுற்றுவோம். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் ஊரில் லீவில் சந்திக்கும்போதெல்லாம் நமக்கு நடுவே சொந்தக்காரர்கள் இரண்டு பேராவது உட்கார்ந்திருக்கிறார்கள். லிவாவில் நமக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை என்று விசாரித்துவிட்டேன்.

அன்புடன்,
சிவசங்கரன்

*

மங்காஃப்
21-11-2000

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். உங்கள் இருமல் நின்றதா? சுடுதண்ணீர் குடிக்கச் சொன்னேனே, குடிக்கிறீர்களா?

பை வாங்கியதில் சந்தோஷம். நானும் ஒரு விஷயம் தெரிவிக்க வேண்டும். அயர்லாந்திலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து இங்கே நர்ஸ்களுக்கு நேர்காணல் நடத்தினார்கள். உங்களிடம் சொல்லாமல் போனேன். தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் சேர வேண்டும். கயலை அழைத்துப்போகலாம், அங்கேயே பள்ளியில் சேர்க்கலாம். கணவரும் வரலாம். ஆனால் கணவர் வேலை பார்க்க அனுமதி இல்லை. மார்ச் பதினைந்துக்குள் நான் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

நீங்கள் வருவீர்களா என்பதுதான் கேள்வி. வந்தால் சமைத்து, கயலைப் பள்ளிக்கு அனுப்பி, வீட்டில் இருக்க வேண்டும். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்போம். நீங்கள் வராவிட்டால் நான் கையெழுத்துப் போடுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

பதிலைக் கடிதத்தில் எழுத வேண்டாம். எழுதினால் அழகாக எழுதிவிடுவீர்கள். போனில் கேட்டால் தொண்டையைச் செருமுவீர்கள். லிவாவில் பக்கத்தில் நடந்துகொண்டே சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்தவர்களை வார்டில் நடக்க வைக்கிறேன் அல்லவா, நடக்கிற மனிதனுக்குப் பொய் சொல்ல மூச்சுப் போதாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாகவள்ளி

*

அஜ்மான்
12-12-2000

அன்புள்ள நாகவள்ளிக்கு,

நலம். இருமல் நின்றுவிட்டது. சுடுதண்ணீர்தான் காரணம் என்று நீ எழுதப்போவதால் நானே எழுதிவிடுகிறேன்.

நிபந்தனையை ஏற்றுக்கொண்டேன். அந்த விஷயம் பற்றி லிவா வரைக்கும் ஒரு வார்த்தை எழுதமாட்டேன்.

செருப்பா பூட்ஸா என்ற விவகாரம் இந்த வாரம் முடிவுக்கு வந்தது. பூட்ஸில் மணல் நுழைந்தால் வெளியேற வழியில்லை. செருப்பில் நுழைந்த மணல் தானாகவே போய்விடும். ஆகவே பட்டை வைத்த செருப்பு. தண்ணீர் ஆளுக்கு இரண்டு பெரிய பாட்டில். உனக்கு வெயிலில் தலைவலி வரும் என்பதால் தொப்பி வாங்கியிருக்கிறேன். அளவு தெரியாமல் என் தலையில் வைத்துப் பார்த்து வாங்கினேன்.

உன் கடிதத்தை அறையில் யாருக்கும் காட்டவில்லை. நெய்னா பாய்க்கு மட்டும் காட்டினேன்.

"பொண்டாட்டி சம்பாதிப்பா, நீ சோறு ஆக்குவியா?" என்றார்.

"இப்பவும் நான்தானே ஆக்குறேன் பாய்? நீங்களும்தான் சாப்பிடுறீங்க."

"அது வேற. இங்க ஆக்குனா பேச்சிலர் ரூமு. அங்க ஆக்குனா..." என்று நிறுத்தினார். பிறகு சாம்பாரில் உப்புக் குறைவு என்றார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது.

அன்புடன்,
சிவசங்கரன்

*

மங்காஃப்
3-1-2001

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். புத்தாண்டு வாழ்த்து. ரம்ஜான் முழுக்க இரட்டை டியூட்டி. இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

லீவு உறுதியாகிவிட்டது. பிப்ரவரி இருபத்திரண்டு, வியாழக்கிழமை காலை அபுதாபியில் இறங்குகிறேன். டிராவல்ஸ்காரர் விசிட் விசாவுக்குக் கொடுத்துவிட்டார்.

என்னோடு வேலை பார்க்கும் ஹாலிதாவையும் அயர்லாந்துக்காரர்கள் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் தன் கணவருக்கு எழுதிக் கேட்டாள். "உன் இஷ்டம்" என்று பதில் வந்தது. அவள் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டாள். கடிதத்தில் கேட்காதே என்று அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

தொப்பி பெரிதாக இருந்தாலும் போட்டுக்கொள்கிறேன். செருப்பு, தண்ணீர் பற்றியே எழுதிக்கொண்டிருங்கள். படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு உறையையும் பிரித்ததும் முதலில் கடைசி வரியைத்தான் படிக்கிறேன் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

நாகவள்ளி

*

அஜ்மான்
21-1-2001

அன்புள்ள நாகவள்ளிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

தீவிரமாக யோசித்ததில் நமது திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது. எனக்கு வழி தெரியாது. வரைபடத்தில் எல்லாம் தெரிகிறது. வரைபடம் போடுகிறவன் என்ற முறையில் அதை எவ்வளவு நம்பலாம் என்று எனக்குத் தெரியும். நீ இவ்வளவு தூரம் வந்து, முதல் நாளே நான் வழி தவறித் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றால், அதற்குப் பிறகு நான் என்ன பதில் சொன்னாலும் எடுபடாது.

ஆகவே முன்கூட்டியே ஒருமுறை போய் நடந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். நாடகத்துக்கே ஒத்திகை உண்டு. பிப்ரவரி முதல் தேதி வியாழக்கிழமை போய், சனிக்கிழமை திரும்புகிறேன். லீவை எஞ்சினியரிடம் வாயால் கேட்டேன். "போயிட்டு வாங்க சார்" என்றார். பாஸ்போர்ட் வழக்கம்போலக் கம்பெனிப் பெட்டகத்தில் இருக்கிறது. லேபர் கார்டு புதுப்பிக்க ஆபீஸில் அரசாங்க வேலைகளைக் கவனிக்கும் சேதுமாதவனிடம் கொடுத்திருக்கிறேன். நகல் வைத்திருக்கிறேன். மணலில் யார் கார்டு கேட்கப்போகிறார்கள்?

அன்புடன்,
சிவசங்கரன்

*

அஜ்மான்
10-2-2001

அன்புச் சகோதரி நாகவள்ளிக்கு, சிவாவின் அறைத்தோழன் நெய்னா முகம்மது எழுதிக்கொண்டது. இறைவன் அருளால் நீங்கள் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

பதற வேண்டாம். சிவா உடம்புக்கு ஒன்றுமில்லை. போலீஸ் காவலில் இருக்கிறார். ஒன்றாம் தேதி வியாழக்கிழமை லிவா ரோட்டில் தனியாக நடந்துபோனவரை, கம்பெனியை விட்டு ஓடிப்போகிறவர் என்று பிடித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் சவூதி எல்லை. கையில் பாஸ்போர்ட்டும் இல்லை, கார்டும் இல்லை. போலீஸிலிருந்து அவர் கம்பெனி ஆபீஸுக்குப் போன் அடித்திருக்கிறார்கள். வியாழன் மதியம் ஆபீஸ் மூடியாச்சு. வெள்ளி லீவு.

சனிக்கிழமை நல்லபடியாக முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அந்த வாரம் கேம்ப்பிலிருந்து லேபர் இரண்டு பேர் நிஜமாகவே ஓடிவிட்டார்கள். அவர்களைப் பற்றி இமிகிரேஷனில் எழுதிக்கொடுக்கப் போன சேதுமாதவன், சிவாவும் டியூட்டிக்கு வரவில்லையே என்று அவர் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். வாயால் லீவு கொடுத்த எஞ்சினியர் மஸ்கட்டில், ரூவி ஆபீஸில் இருந்தார். திரும்பி வந்ததும் விவரத்தைச் சொன்னார். நான் நேரில் போய் சேதுமாதவனிடம் சண்டை போட்டேன். "எதுக்கும் இருக்கட்டும்னு கொடுத்தேன் பாய். கொடுத்ததைத் திரும்ப வாங்கினா அடுத்த தடவை எங்க பேப்பரை ஒருத்தனும் மதிக்கமாட்டான். மேனேஜர் வேண்டாம்னுட்டார்" என்கிறார். விசாவை ரத்துசெய்து ஊருக்கு அனுப்பப்போகிறார்களாம்.

நீங்கள் அவருக்கு எழுதிய கடிதம் அவர் போனபிறகு வந்து மேஜைமேல் இருக்கிறது. நான் பிரிக்கவில்லை.

உங்கள் சகோதரன்,
நெய்னா முகம்மது

*

மங்காஃப்
19-2-2001

அன்புள்ள நெய்னா அண்ணனுக்கு,

வணக்கம். நீங்கள் எடுத்த முயற்சிக்கு நன்றி. நானும் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒருவர் மாற்றி ஒருவர் கையில் போனைக் கொடுத்து, கடைசியில் வைத்துவிட்டார்கள்.

அந்தக் கடிதத்தில் ஒத்திகை வேண்டாம் என்று எழுதியிருந்தேன். வழி தெரியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்தே விழிக்கலாம் என்று எழுதியிருந்தேன். இனி அதைப் பிரிக்க வேண்டியதில்லை, கிழித்துவிடுங்கள்.

லீவையும் விசிட் விசாவையும் ரத்துசெய்துவிட்டேன். அவரைப் பார்க்க விட்டால் ஸ்வெட்டர் கொடுங்கள். குளிரில் இருமல் வரும். ஒன்று மட்டும் கேட்கிறேன். போகும்போது என்னைப் பற்றி, வெளிநாட்டு வேலை பற்றி, ஏதாவது பதில் போலச் சொன்னாரா? சரி என்றோ முடியாது என்றோ. எப்படிச் சொல்லியிருந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

நாகவள்ளி

*

துறையூர்
4-3-2001

அன்புள்ள நாகவள்ளிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். அக்கா நலம். கயல் நலம். "லீவாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எத்தனை நாள்?" என்றாள். நேற்று பூத்திலிருந்து உனக்குக் கூப்பிட்டேன். டியூட்டியில் இருப்பதாகச் சொன்னார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஊரில் சாலையில் நடக்கிறவனைக் கண்டால் வண்டியை நிறுத்தாமல் யாரும் போவதில்லை. அது அவர்கள் மரியாதை. நம் வழிகாட்டிப் புத்தகத்தில் இது இல்லை. நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, பேரீச்சம்பழம் கொடுத்து, ஏறு என்றார்கள். நான் ஒவ்வொருவரையும் கும்பிட்டு, வேண்டாம் என்று அனுப்பினேன். நான் நடக்க வந்தவன். ஒரு பெரியவர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தார். முதலாளி அடித்தாரா என்று இந்தியில் கேட்டார். இல்லை என்றேன். வெயிலில் வண்டி ஏற மறுக்கிறவன் சித்தம் கலங்கியவனாகவோ ஓடிப்போகிறவனாகவோதான் இருக்க வேண்டும், எப்படியும் பொழுது சாய்வதற்குள் செத்துப்போவான் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல மனிதர். என் உயிரைக் காப்பாற்றப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்.

அதே சாலையில் எதிரே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி என்னுடையதைவிடப் பெரிய பைகளோடு நடந்து வந்தார்கள். போலீஸ் வண்டி அவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, என்னிடம் வந்து நின்றது. எங்கள் பேச்சு பாதி இந்தியிலும் பாதி சைகையிலும் நடந்தது.

"எங்கே போகிறாய்?"

"எங்கேயும் இல்லை. நடக்கிறேன்."

"எதற்கு?"

"மனைவியோடு நடக்கப்போகிறேன். அதற்கு ஒத்திகை."

"மனைவி எங்கே?"

"குவைத்தில்."

போலீஸ்காரர் சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார். "மனைவி குவைத்தில். நீ இங்கே மனைவியோடு நடக்கிறாய்."

"ஆமாம்."

"யல்லா, ஏறு" என்றார். அந்த ஒரு வண்டியில் மட்டும் நான் மறுக்காமல் ஏறினேன். டீ வாங்கிக் கொடுத்தார்.

அவர் வந்து நின்றபோது நான் தனியாகப் பேசிக்கொண்டிருந்தேன் என்பதும் எனக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. பேசிக்கொண்டிருந்தது உன் கேள்விக்கான பதிலை. "யோசித்துப் பார்த்ததில், வருவதே உசிதம்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அலுவலகக் கடிதம் மாதிரி இருந்தது. "வரேன் நாகு. சோறு நான் ஆக்குறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அது நன்றாக இருந்தது. நீ சொன்னது சரிதான். மேட்டில் ஏறும்போது அதைச் சொல்ல மட்டும்தான் மூச்சு இருந்தது.

எழுதக் கூடாது என்ற நிபந்தனையை மீறுகிறேன். வரேன்.

மணலைப் பற்றி எழுத முடியவில்லை. காலையில் துவரம்பருப்பு நிறம், வெயில் சாய்ந்தால் செங்கல்பொடி. அதற்கு மேல் பார்க்கவில்லை. நீ வரும்போது சேர்ந்து பார்க்கலாம் என்று பாதியில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

அன்புடன்,
சிவசங்கரன்

*

மங்காஃப்
29-3-2001

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். உங்கள் கடிதம் பதினான்காம் தேதி வந்தது. பதினைந்தாம் தேதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த ஒரு வரியை மட்டும் ஹாலிதாவிடம் காட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு அன்றைக்கு என் பங்கு டியூட்டியையும் சேர்த்துப் பார்த்தாள்.

மூன்று பேருக்கும் விசா விண்ணப்பம் டெல்லியில் போட வேண்டும். தாள்களை அனுப்பியிருக்கிறேன். அதில் ஒரு கேள்வி இருக்கிறது. எந்த நாட்டிலிருந்தாவது வெளியேற்றப்பட்டதுண்டா என்று. பாஸ்போர்ட்டில் அந்த அரபி முத்திரை இருக்கிறது. ஆமாம் என்றே எழுதுங்கள். காரணத்தையும் எழுதுங்கள். சுருக்கமாக எழுதுங்கள்.

அயர்லாந்து மழைக்கு மூன்று பேருக்கும் குடை வாங்கிவிட்டேன். எல்லாம் நீலம்.

நாகவள்ளி

*

துறையூர்
17-6-2001

அன்புள்ள நாகவள்ளிக்கு,

நலம். விண்ணப்பங்கள் போய்விட்டன.

சுருக்கமாக எழுதச் சொன்னாய். முதல் வரைவு நான்கு பக்கம் வந்தது. அதில் பேரீச்சை சாகுபடி பற்றியும் ஒரு பத்தி இருந்தது. வெட்டி வெட்டிக் கடைசியில் ஒரே வாக்கியம் மிஞ்சியது: "மனைவியுடன் நடந்து செல்லவிருந்த வழியை அறிய, முன்கூட்டித் தனியே நடந்து பார்த்தேன்." ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொடுத்த உடையப்பன் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், உள்ளூர்க்காரன் சொல்றேன், கேட்டுக்குங்க. நெசமான காரணத்தப் போடுங்க. இத ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

வேறு நிஜம் கைவசம் இல்லை என்றேன். நெய்னா பாய் சொல்லி, எஞ்சினியர் தாமே லீவு கொடுத்ததாக ஒரு கடிதம் அனுப்பினார். அதையும் இணைத்திருக்கிறேன்.

இப்போது கயலுக்குச் சாப்பாடு கட்டுவது நான்தான். இரட்டைப்பின்னலும் போடுகிறேன். வகிடுதான் கோணலாகிறது. முதல் நாள் சுசீலா அக்கா வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"என்னடா இது கூத்து?"

"அயர்லாந்துல நான்தானேக்கா பின்னி விடணும். பழகிக்கறேன்."

"இதுக்கும் ஒத்திகையா? ஒருதடவ ஒத்திகை பாத்துட்டு வந்து நிக்கறது போதாதா உனக்கு?"

கயல் மட்டும், "பேசாம இருங்கத்தை, அப்பாவுக்கு ரிப்பன் நழுவுது" என்றாள்.

டெல்லியிலிருந்து பதில் உன் விலாசத்துக்கு வரும். வந்ததும் எழுது.

அன்புடன்,
சிவசங்கரன்

*

மங்காஃப்
5-8-2001

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

பதில் வந்துவிட்டது. எனக்கும் கயலுக்கும் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு இல்லை. காரணம் என்று அந்த முத்திரையைத்தான் எழுதியிருக்கிறார்கள். எஞ்சினியர் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஐந்து வருடத்துக்கு உங்கள் பெயரில் மறுபடி விண்ணப்பிக்கக் கூடாதாம். இங்கே விசாரித்தேன், ஏஜென்சியிலும் கேட்டேன். ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறார்கள்.

இங்கே என் இடத்துக்கு ஆள் வந்துவிட்டாள். வேலை பதினெட்டாம் தேதியோடு முடிகிறது. இருபதாம் தேதி துறையூர் வருகிறேன். போவதென்றால் இருபத்தைந்தாம் தேதி சென்னையிலிருந்து விமானம். போகாவிட்டால் மூன்று பேரும் ஊரில் இருப்போம், வேறு வேலை தேடலாம். நான் எதற்கும் தயார். உண்மையாகத்தான் எழுதுகிறேன்.

கயலும் நானும் போகட்டுமா, வேண்டாமா? இந்தத் தடவை நடந்து சொல்ல நாள் இல்லை. கடிதத்திலேயே சொல்லுங்கள்.

நாகவள்ளி

*

துறையூர்
14-8-2001

அன்புள்ள நாகவள்ளிக்கு,

நலம். உன் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. நீ கிளம்புமுன் கிடைக்க வேண்டும் என்று இதைக் கூரியரில் அனுப்புகிறேன். இங்கே இன்னும் மழை இல்லை. அக்காவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. இருபதாம் தேதி காலையில் திருச்சிக்கு வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு கயலின் பள்ளிக்கு நடந்துபோனேன். மாற்றுச் சான்றிதழ் நேற்று மாலையே கொடுத்துவிட்டார்கள்.

சிவசங்கரன்